நான் மூடச் சொன்ன பாப்-அப்

இந்த மாதக் கடைசியோடு நான் கடையை விட்டுப் போகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு என்று சொன்னால் இனி கடையைப் பார்த்துக்கொள்ளப்போகும் நீங்கள் மூன்று பேரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் சைபர் கஃபே தொழிலில் பன்னிரண்டு வருடம் சின்னக் காலம் இல்லை. நாங்கள் திறந்தபோது காஜா பெராங் வட்டாரத்தில் இன்னும் மூன்று கடைகள் இருந்தன. இப்போது அவற்றில் ஒன்றில் கைத்தொலைபேசி விற்கிறார்கள், ஒன்றில் முடி வெட்டுகிறார்கள், ஒன்று பூட்டியே கிடக்கிறது.

மெஷின்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுத நினைத்தது ஒரே ஒரு விஷயம். அதை நேரில் சொல்லிப் பார்த்தேன், போன வாரம், நாம் தேநீர் குடிக்கும்போது. பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். எழுதினால் போக முடியாது.

இப்போது உங்கள் திரையில் விளம்பரம் குதித்தால் அதைத் தடுக்க ஆயிரம் வழி இருக்கிறது. அன்று இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்தால் மூன்று பாப்-அப் குதிக்கும். ஒன்றை மூடினால் அதன் அடியிலிருந்து இரண்டு எழும்பும். சூதாட்டம், இளைக்கிற மருந்து, 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டல், அப்புறம் துணியில்லாத பெண்கள். நம் கடைக்கு யார் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஷிப்ட் முடிந்து மின்னஞ்சல் பார்க்க வரும் தொழிற்சாலைப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், கோயில் அறிவிப்பு அச்செடுக்க வரும், தமிழ் மரபில் வந்தும் மலாய் பேசும் கம்போங் செட்டிக்காரர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படி இரண்டு செட்டிப் பெண்கள் வந்தார்கள். ஒருவர் நம் முதலாளியின் அக்கா. கோயில் திருவிழாவுக்கு ஒரு அறிவிப்பு வேண்டும், ஓரத்தில் குத்துவிளக்குப் படம் வேண்டும் என்றார். நான் விளக்குப் படம் தேடினேன். திரை முழுக்க வேறு படம் வந்தது. என்ன படம் என்று எழுத வேண்டியதில்லை. அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கூட வந்தவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

மத்தியானம் முதலாளி வந்தார். உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். அவர் கத்தவில்லை. நகராண்மைக் கழகத்து ஆட்கள் வந்து லைசென்ஸைப் பிடுங்கினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், அக்கா என் வீட்டு வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பொறுக்க முடியாது என்றார். கடைசியில் ஒரே சொல்தான். "துத்துப்." மூடு. எது குதித்தாலும் மூடு.

எங்கள் வீட்டில் ஐந்தாம் படிவம் வரை படித்த முதல் ஆள் நான். சொன்னதை மட்டும் செய்தால் படித்ததற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிற வயது. அன்று சாயங்காலமே மூன்று மொழியில் ஒரு அறிவிப்பு எழுதினேன். 'திரையில் எது குதித்தாலும் படிக்காதீர்கள். உடனே மூடுங்கள்.' பிளாஸ்டிக் உறை போட்டுப் பன்னிரண்டு திரைகளின் நெற்றியிலும் ஒட்டினேன். என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒருநாள் கடைக்கு வந்தவர், அது நான் எழுதியதென்று சொன்னதும் ஒரு தாளின் மூலையை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார்.

நானும் அதில் தேறிவிட்டேன். யாராவது 'ஐயோ' என்று மூச்சை இழுக்கும் முன்பே அவர் தோளுக்கு மேலாக என் கை நீண்டு மூடிவிடும். திரும்பிப் பார்க்காமலே 'மூடிடுங்க, மூடிடுங்க' என்று குரல் கொடுப்பேன். லாரி ஓட்டுகிற ஒருவர் வாடிக்கையாக வருவார். "இவனுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் மூடிருவான்லா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருடம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கான விண்ணப்பத்தை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும் என்று வந்தது. வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகள் எல்லாம் நம் கடைக்கு வந்தார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து புவனா வந்தாள். அவள் அம்மா லெட்சுமி அக்காவை எனக்கு முன்பே தெரியும். பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை, கணவர் இல்லை, புவனாவுக்குக் கீழே ஒரு தம்பி. என் அம்மா மாதிரியே அவருக்கும் கையெழுத்து என்பது கட்டைவிரல்தான். புவனாவின் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். அந்தத் தாளில் இருந்ததைப் படித்தபோது, என்னுடையதை எடுத்து ஒளித்து வைக்கலாம் போல இருந்தது.

புவனா தானாகவே எல்லாவற்றையும் நிரப்பினாள். சந்தேகம் கேட்கிற பெண் இல்லை. அன்று கடை நிறைந்திருந்தது. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த மெஷினில் ஒருவருக்கு அச்சுப் பெட்டியில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் குரல் கேட்டது.

"அண்ணே, இன்னொரு விண்டோ வந்திருக்கு."

"மூடிடும்மா."

"என்னமோ கேக்குது அண்ணே."

"அதான் எழுதி ஒட்டியிருக்குல்ல. படிக்காத, மூடு."

அவள் மூடினாள். பக்கம் பழையபடி முதலுக்குப் போனது. முடிந்தது என்று அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். அச்செடுக்க எதுவும் வரவில்லையா என்று நான் கேட்டிருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு சீட்டு வந்தது. கேட்கவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவு வெளியான காலையில் கதவைத் திறக்கும் முன்பே ஆட்கள் நின்றார்கள். அடையாள அட்டை எண்ணை அடித்தால் தெரிந்துவிடும். சிலருக்கு இடம் கிடைத்திருந்தது. சிலருக்கு, வருந்துகிறோம், தங்கள் விண்ணப்பம் தேர்வு பெறவில்லை என்று நீளமாக ஒரு வாக்கியம் வந்தது. அந்த வாக்கியத்தை அன்று காலையில் நான் ஏழெட்டு முறை படித்துச் சொல்லியிருந்தேன்.

லெட்சுமி அக்கா ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு புவனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணை நான்தான் அடித்தேன். அந்த நீள வாக்கியம் வரவில்லை. மலாயில் இரண்டே சொற்கள் வந்தன. பதிவு இல்லை.

விண்ணப்பம் தள்ளப்படவில்லை. விண்ணப்பமே போய்ச் சேரவில்லை. அந்த நொடியில் எனக்கு அவள் குரல் கேட்டது: 'என்னமோ கேக்குது அண்ணே.' உறுதியாக அனுப்பவா என்று கேட்டிருக்கும். அதைத்தான் மூடச் சொல்லியிருக்கிறேன்.

"என்னா தம்பி, இல்லையா?" என்றார் லெட்சுமி அக்கா.

"இல்லக்கா."

நான் சொன்னது பொய்யாகக்கூட இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. பக்கத்து மெஷினில் இருந்தவர் திரும்பாமலே, "நம்ம புள்ளைங்களுக்கு எங்கலா குடுக்கிறான்" என்றார். இன்னொருவர் ஆமாம் என்றார். தன் மருமகளுக்கும் போன வருடம் இதே கதைதான் என்றார். லெட்சுமி அக்கா தலையை ஆட்டினார். அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இடம் தருவதில்லை என்ற மனக்குறை நம் ஆட்களிடம் முன்பே இருந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. அதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அந்த மனக்குறைக்குப் பின்னால் நான் போய் ஒளிந்துகொண்டேன் என்பதைத்தான் சொல்கிறேன். யாரும் கேட்கவில்லை. யாரும் சந்தேகப்படவில்லை. என் கை தானாக நீண்டு அந்தப் பக்கத்தை மூடியது.

புவனா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதற்கப்புறம் எட்டு நாள் எப்படிப் போனது என்று விவரிக்க வேண்டியதில்லை. கடையைத் திறந்தேன், மூடினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் மட்டும் என்ன நடக்கும், இனிமேல் என்ன செய்ய முடியும் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. ஆதாரம் தேட நான் விரும்பவில்லை. நினைக்க வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாவது நாள் நம் வட்டாரத்துத் தமிழர் சங்கத்துச் செயலாளர் வந்தார். அந்தத் தெருக் கோடியில் போட்டோஸ்டாட் கடை வைத்திருந்தார், கட்டைக் குரல், ஓயாத நடை. நல்ல மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெயரை எல்லாம் திரட்டி, மேலே கொடுக்க ஒரு மனு தயாரித்திருந்தார். கையால் எழுதியதை மலாயில் தட்டச்சு செய்ய வேண்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னையே அடிக்கச் சொன்னார்.

முதல் பெயர் புவனாவுடையது. பெயர், பள்ளி, மதிப்பெண் எல்லாம் அடித்தேன். அடுத்த கட்டத்தில் 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று அடிக்க வேண்டும். கை நின்றுவிட்டது.

"ஏன்லா நிறுத்திட்ட? அடி."

"சார், இந்தப் புள்ளை விண்ணப்பம் போகவே இல்ல சார். நான்தான் மூடச் சொன்னேன்."

அவருக்கு விளங்கவில்லை. முழுவதும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உனக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கு இது தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். இந்தப் பட்டியலில் இவ்வளவு மதிப்பெண் வாங்கிய பிள்ளை வேறு கிடையாது, இவள் பெயரை எடுத்துவிட்டால் மனுவுக்குப் பலம் எங்கே இருக்கிறது என்றார். அடி, பேசாமல் அடி என்றார்.

நான் அப்போது தைரியமாகப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். மேலே இருக்கிறவர்கள் முதல் பெயரைத் தட்டிப் பார்த்தால் பதிவு இல்லை என்று வரும் சார், அப்புறம் கீழே இருக்கிற பிள்ளைகளையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எடுத்துரு. எடுத்துட்டு, அந்தப் பக்கத்தத் தொற. என்னா போட்டிருக்குன்னு நான் பாக்கணும்."

எண்ணை அடித்தேன். அதே இரண்டு சொற்கள். அவர் விரலால் திரையைக் கீழ்நோக்கிக் காட்டி, இறக்கு என்றார். இறக்கினேன். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. விண்ணப்பித்தும் பதிவு இல்லாதவர்கள், முடிவு வெளியான ஏழு நாளுக்குள், விண்ணப்பம் அனுப்பிய இடத்திலிருந்து ஒரு கடிதத்தோடு அலுவலகத்துக்கு நேரில் வரவும்.

அனுப்பிய இடம் என்றால் நம் கடை. கடிதம் எழுத வேண்டியவன் நான். அன்று ஒன்பதாவது நாள்.

செயலாளர் என்னைத் திட்டவில்லை. எழுந்து வெளியே போய் நின்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் வேன் சாவியை எடுத்தார். அன்று மத்தியானமே இருவரும் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். போன வாரம் இதே மாதிரி வந்தவர்களின் கடிதங்களை வாங்கி மேலே அனுப்பினேன், இப்போது பட்டியல் மூடிவிட்டது, என் கையில் இல்லை என்றார். வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கடிதத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

அங்கிருந்து புக்கிட் ரம்பாய். லெட்சுமி அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முதலாளியைப் பார்த்ததும் உள்ளே ஓடி நாற்காலி எடுத்துவந்தார். நாங்கள் உட்காரவில்லை. புவனா தொழிற்சாலைச் சட்டையில் இருந்தாள். அந்த வாரம்தான் தற்காலிகமாக அம்மாவோடு போக ஆரம்பித்திருக்கிறாள்.

நான் சொன்னேன். எதையும் விடவில்லை. ஏழு நாள் குறிப்பையும், அலுவலகத்துக்குப் போய் வந்ததையும் சொன்னேன். முதலாளி நடுவில் ஒருமுறை மட்டும், மூடு என்று முதலில் சொன்னது நான், கடை என்னுடையது என்று மலாயில் சொன்னார். லெட்சுமி அக்கா கையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அப்போ போயிருந்தா கெடச்சிருக்குமா தம்பி?"

கிடைத்திருக்கலாம். மற்ற பிள்ளைகளைப் போல அந்த நீள வாக்கியமும் வந்திருக்கலாம். ஒன்பது நாளாக அவர் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். அதைப் பிடுங்கிவிட்டு, பதிலே இல்லாத ஒரு கேள்வியை நான் அவர் கையில் கொடுத்துவிட்டேன். தெரியலக்கா என்றேன்.

புவனா அப்போதுதான் பேசினாள். "அன்னிக்கே தெரியும் அண்ணே. பதிவு இல்லன்னு நானும் படிச்சேன்ல."

ஏன் சொல்லவில்லை என்று அவள் அம்மா திரும்பினார். புவனா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"மூடுனது என் கைதானே. நான் சொன்னா, நீயே கெடுத்துக்கிட்டேன்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் பாத்தேன்."

கடைக்கு வந்ததும் பன்னிரண்டு தாளையும் உரித்தேன். பசை காய்ந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. மூன்றாவது மெஷினின் நெற்றியில் இப்போதும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறதே, போன வாரம் நீங்கள் என்ன இது என்று கேட்டீர்களே, அது அதுதான். அன்று அவள் உட்கார்ந்த மெஷின்.

ஆறாம் படிவம் போகலாம் என்று செயலாளர் போய்ப் பேசிப் பார்த்தார். மெட்ரிகுலேஷன் என்றால் ஒரே வருடம், இது இரண்டு வருடம், அதுவரை என் கை தாங்காது என்று லெட்சுமி அக்கா சொல்லிவிட்டார். சாலிடர் வேலையில் அவருக்கு விரல் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. புவனா அந்தத் தொழிற்சாலையிலேயே நிலைத்துவிட்டாள். பூதக்கண்ணாடி வைத்துச் சின்னச் சின்னச் சில்லுகளில் குறை பார்க்கிற வேலை. நன்றாகப் பார்க்கிறாளாம். நம் கடைக்கு அவள் வருவதில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, பாப்-அப்பை மூடாதே என்பது இல்லை. மூடுங்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது குப்பைதான். ஆனால் திரும்பிப் பார்க்காமல் மூடச் சொல்லாதீர்கள். 'என்னமோ கேக்குது' என்று ஒருவர் சொன்னால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். அன்றைக்குச் சொன்னால் அது தப்போடு போகும். நான் மூடச் சொன்னது கவனக்குறைவு. அதற்கு ஏழு நாள் மருந்து இருந்தது. அந்த ஏழு நாளை நான் தின்றேன், அதற்குப் பெயர் கவனக்குறைவு இல்லை.

ஐந்து வருடம் கழித்து ஒருநாள் லெட்சுமி அக்கா கடைக்கு வந்தார், மகனோடு. இப்போது அவன் விண்ணப்பிக்க வேண்டும். புக்கிட் ரம்பாயிலேயே அப்போது இரண்டு கடை வந்துவிட்டது, அங்கேயே போயிருக்கலாமே அக்கா என்றேன்.

"இங்கதான் தப்பு நடந்துச்சு. இங்கதான் நீ பயந்துகிட்டுச் செய்வ."

பையனை உட்கார வைத்துவிட்டு அவர் அவன் பின்னாலேயே நின்றார், நான் அவர் பக்கத்தில். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. எது வந்தாலும் "இது என்னா சொல்லுது?" என்று கேட்டார். நான் மலாயில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். நடுவில் ஒரு விளம்பரம் குதித்தது, நீங்கள்தான் அதிர்ஷ்டசாலி, கார் வென்றிருக்கிறீர்கள் என்று. அதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். கடையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"யாரு ஜெயிச்சது?"

"யாரும் இல்லக்கா. பொய்."

"சரி. மூடு."

கடைசியில் அந்தச் சின்ன விண்டோ வந்தது. உறுதியாக அனுப்பவா என்று கேட்டது. படித்தேன். இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். பிறகு மகனின் தோளைத் தொட்டார். அவன் அழுத்தினான். சீட்டு வந்தது.

இரண்டு பிரதி கேட்டார். ஒன்றை மகனிடம் கொடுத்தார். இன்னொன்றை, முன்பு மதிப்பெண் தாளைச் சுற்றிக் கொண்டுவந்தாரே, அதே மாதிரி ஒரு கைக்குட்டையில் வைத்துச் சுற்றினார்.

"இது புவனாவுக்கு. சீட்டு எப்புடி இருக்கும்னு பாக்கணும்னு சொன்னா."